கூரையைப் பிரித்தவர்கள்

அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வைத்தது அவளிடம் வேலை செய்பவர்கள்தான். ஒழுகும் கூரைகளைச் சரிசெய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை அவள் நடத்தி வந்தாள். ஏணியின் முதல் படியில் பேச ஆரம்பித்து, மேலே போய்ச் சேர்வதற்குள் எங்கே விரிசல், எவ்வளவு தார், எத்தனை ஆள் என்று சொல்லி முடித்துவிடுவாள். நடை, சாப்பாடு, கோபம், சமாதானம் எல்லாமே அந்த வேகம்தான்.

வேதம் வாசிப்பதும் அப்படித்தான். காலையில் அடுப்பில் பால் பொங்குவதற்குள் மூன்று அதிகாரம். நடுவில் கணவர் ஏதாவது கேட்டால், விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டு மேலே ஓடுவாள். வம்ச வரலாறு வரும் பகுதிகள் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். சட்டென்று முடிந்துவிடும்.

"ஆண்டவர் மூச்சு விடவாவது கொஞ்சம் இடம் குடேன்," என்பார் கணவர். அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். எதையும் ஊறப்போட்டுச் செய்யும் ஆள்.

"அவருக்கு என்னைப் பத்தித் தெரியும். நீங்க பாலைப் பாருங்க."

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் நீர் ஒழுகுகிறது என்று போதகர் கூப்பிட்டிருந்ததால் போனாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. சிலர் கண்ணை மூடியிருந்தார்கள். யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள்.

"யாரு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தாள்.

"என்ன யாரு?"

"போனது?"

அவர் சிரிப்பை அடக்க இருமினார். வட்டத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டரம்மா கண்ணைத் திறந்தார். அவள் வயதுதான் அவருக்கும். சொத்தைப்பல் பிடுங்கும்போதுகூடச் சத்தம் போடாத குரல். "யாரும் போகலைங்க. தியான வாசிப்பு. ஒரே பகுதியை நாலு தடவை மெதுவா வாசிப்போம். கூரைக்கு ஏற ஏணி அந்த அலமாரிக்குப் பின்னாடி இருக்கு, ஆனா அதை இழுத்தா பெரிய சத்தம் வரும். முடியறவரைக்கும் எங்களோட உட்காருங்களேன்."

ஒரே பகுதியை நாலு தடவையா? அவளுக்குக் கை கால் அரிக்க ஆரம்பித்தது. ஆனாலும் வேறு வழியில்லை. உட்கார்ந்தாள்.

பகுதி, திமிர்வாதக்காரன் கதை. ஞாயிறு பள்ளியில் தாளில் வரைந்து வண்ணம் தீட்டிய காலத்திலிருந்தே தெரிந்த கதை. வீடு நிறையக் கூட்டம். வாசலில் நுழைய வழியில்லை. கைகால் விழுந்தவனைப் படுக்கையோடு தூக்கி வந்த நாலு பேர், கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, அவனை ஆண்டவர் முன்னால் இறக்குகிறார்கள். அவன் எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறான். அவ்வளவுதான். டாக்டரம்மா முதல் வரியை முடிப்பதற்குள் அவள் மனதுக்குள் கதை முடிந்து, அடுத்த நாள் வேலைக்கு எத்தனை மூட்டை சிமென்ட் வேண்டும் என்ற கணக்குக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது வாசிப்பில்தான் அது நடந்தது. டாக்டரம்மா 'கூரையைப் பிரித்து' என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். அந்த நிறுத்தத்துக்குள் அவள் தொபுக்கென்று விழுந்தாள்.

கூரையா! கீழே ஆள் நெருக்கியடித்து நிற்கும்போது மேலிருந்து கூரையைப் பிரிப்பதா! அவள் வேலையில் அப்படி யாராவது செய்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவாள். முதல் அடி விழுந்ததும் கீழே என்ன ஆகியிருக்கும்? மண் கொட்டும். காய்ந்த களிமண் பொருக்குப் பொருக்காய் விழும். குச்சியும் புழுதியும் தலையில், தாடியில், வாயில். யாரோ 'ஏய், யார்றா அது மேலே?' என்று கத்தியிருப்பான். வீட்டுக்காரன் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பான். அதையெல்லாம் மீறி ஓட்டை பெரிதாகிக்கொண்டே வருகிறது, வெளிச்சம் தூணாக உள்ளே இறங்குகிறது, அந்த வெளிச்சத்தில் புழுதி சுழல்கிறது. கூட்டத்தின் நடுவே பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். அவர் தலைமுடியிலும் மண்.

அவர் திட்டவில்லை. 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. பிரித்து முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறார்!

அடுத்த இரண்டு வாசிப்பும் கண்மூடித் திறப்பதற்குள் போனது போலிருந்தது. ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரு சொல்லைச் சொல்லலாம் என்றார் டாக்டரம்மா. ஒருவர் 'விசுவாசம்' என்றார். ஒருவர் 'மன்னிப்பு' என்றார். அவள் முறை வந்தது.

"கூரை," என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அது அவள் இல்லையே. "அவர் தலையில மண்ணு கொட்டியிருக்குங்க! யாராவது யோசிச்சீங்களா? இத்தனை வருஷம் நான் வாசிச்சிருக்கேன், ஒரு தூசி என் மேல விழலையே! நானும் கூரைக்காரிதானே, எனக்கே தோணலையே!" எழுந்து நின்று, கையை வீசி, எங்கே உத்தரம், எங்கே கயிறு என்று காட்டினாள். போதகர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். பல் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வேறு.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கால் தரையில் பாவவில்லை. கணவர் சட்டையைக் கழற்றுவதற்குள் முழுக்கதையும் சொல்லி முடித்தாள்.

"நாலு பேருங்க. நாலே பேரு. வழியில்லைன்னு திரும்பிப் போகலை. கூரையையே பிரிச்சாங்க."

"சரி."

"அண்ணனை நாளான்னிக்கு இறக்கறோம்."

கணவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றார். "எங்கிருந்து?"

"மூணாவது மாடியிலிருந்துதான்! வேற எங்கிருந்து?"

அவள் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முதுகுத்தண்டில் வந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. மாடிப்படியோ ஒரு ஆள் தாராளமாக ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது திருப்பத்தில் இடித்து இடித்து, அவர் வலியில் துடித்ததை அந்தக் கட்டடமே வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது.

அவள் வாரம் தவறாமல் போவாள். பழம், மருந்து, நாளிதழ் எல்லாம் வாங்கிப் போவாள். தலையில் கை வைத்து, எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஒரு ஜெபம் செய்வாள். அண்ணன் ஆமென் சொல்வதற்குள் செருப்பை மாட்டியிருப்பாள்.

சனிக்கிழமை காலை, தார் பீப்பாய் ஏற்றும் வின்ச், இரும்பு விட்டம், உயரமான சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் உட்காரும் தொங்கு இருக்கை, மார்புவரை கட்டும் பெல்ட், எல்லாம் வண்டியில் வந்து இறங்கின. அவளோடு கணவரும், வேலையாட்கள் இரண்டு பேரும். ஒருவர் நெட்டை. இன்னொருவர் அதிகம் பேசாததால் கோட்டான். நாலு பேர்! எண்ணிப் பார்த்து அவளுக்கே மெய்சிலிர்த்தது. ஒரு மணி நேரத்தில் மொட்டை மாடியில் விட்டத்தைப் பூட்டி, சிமென்ட் மூட்டைகளை எடைக்கு வைத்து, இரண்டு மூட்டை மணலைப் பின்பக்க பால்கனி வழியாக ஏற்றி இறக்கிச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

பிறகுதான் அவள் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணா! கிளம்பு!"

அண்ணன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாளிதழ். தலைமுடி காதை மூடியிருந்தது. பால்கனிக்கு வெளியே தொங்கும் இருக்கையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், அவள் பின்னால் வாயெல்லாம் பல்லாக நின்ற மூன்று பேரையும் பார்த்தார்.

"இது என்ன?"

அவள் சொன்னாள். வியாழக்கிழமை, கூடம், கூரை, மண், நாலு பேர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அண்ணன் முகம் கல்லாகிக்கொண்டே போனதை அவள் கவனிக்கவில்லை. அண்ணி கவனித்துவிட்டு, மெல்ல அடுப்படிக்குள் நழுவினாள்.

"அதான் மேல டொங்கு டொங்குன்னு சத்தமா?" என்றார் அண்ணன். "நான் என்ன தார் பீப்பாயா?"

"அண்ணா, அப்படிச் சொல்லாதே..."

"பின்னே எப்படிச் சொல்றது? மூட்டையை ஏத்தி இறக்கிப் பார்த்தியே, என்னைக் கேட்டியா? ஒரு போன் பண்ணினியா? உன் கதையில படுத்துக் கிடந்தவன் ஒரு வார்த்தையாவது பேசறானா? அவனை யாராவது கேட்டாங்களா, 'ஏம்ப்பா, உனக்கு வர இஷ்டமா'ன்னு?"

"அவன் திமிர்வாதக்காரன், அண்ணா, அவனால..."

"எனக்குத் திமிரும் உண்டு, வாதமும் உண்டு. நான் வரலை. போ."

நெட்டை பக்கென்று சிரித்துவிட்டு, கோட்டான் முழங்கையால் இடித்ததும் வாயை மூடிக்கொண்டான். கணவர் அவர்கள் இருவரையும் அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அண்ணி டீ போட ஆரம்பித்தாள்.

அவள் அண்ணனுக்கு எதிரே தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். அந்தக் கதைக்குள் விழுந்த நேரமெல்லாம் அவள் கூரைமேல்தான் நின்றிருக்கிறாள். மண்ணைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அண்ணாந்து பார்த்த முகத்தைப் பார்த்தாள். படுக்கையில் கிடந்தவன் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் அண்ணன் தலையில் கை வைத்துச் செய்த ஜெபமும் அப்படித்தானே? ஒழுகும் இடத்தைக் காட்டி ஆள் அனுப்பச் சொல்வது போல. அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று அண்ணனைக் கேட்டதே இல்லை.

"தப்புதான்," என்றாள். "விட்டத்தைக் கழட்டிடச் சொல்றேன். ஆனா ஒண்ணு. அந்தப் பகுதியை உனக்கு ஒருதரம் வாசிக்கட்டுமா? மெதுவா."

"நீயா? மெதுவாவா?" அண்ணன் உதட்டோரம் லேசாக நெளிந்தது. "இதை நான் பார்த்தே ஆகணும்."

அவள் பையிலிருந்த வேதத்தை எடுத்து வாசித்தாள். ஒவ்வொரு சொல்லையும் கால் ஊன்றி வைப்பது போல வாசித்தாள். தடுமாறினாள். தன் குரலையே முதல்தரம் கேட்பது போலிருந்தது. அடுப்படியில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது. அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலும்.

"இன்னொருதரம்," என்றார் அண்ணன்.

இரண்டாவது முறை வாசிக்கும்போது, இறக்கும் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். கண்ணை மூடியிருந்தார்.

"மல்லாந்துதானே கிடந்திருப்பான்? அப்ப அவனுக்குத் தெரிஞ்சது ஒரு ஓட்டை, அதுல நாலு தலை, பின்னாடி வானம். இறங்க இறங்க அதெல்லாம் சின்னதாப் போயிக்கிட்டே இருந்திருக்கும். நாலு பேரும் ஒரே மாதிரி கயிறு விடலைன்னா சரிஞ்சிடுவான். பயந்து செத்திருப்பான்." கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தார். "எனக்கும் பயம்தான்டி. விழுந்துடுவோம்னு இல்லை. அன்னிக்கு மாடிப்படியில எல்லாக் கதவும் திறந்திருந்துச்சு. எல்லாரும் என் காலைப் பார்த்தாங்க."

அவள் அவசரமாக ஆறுதல் சொல்லாமல், வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது அவளுக்கே புதிதாக இருந்தது. மூன்றாவது முறை வாசித்தாள். ஆண்டவர் வாய் திறக்கும் இடத்துக்கு வந்தாள். முதல் சொல்லை வாசித்ததும் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"என்ன சொன்னாரு?"

"மகனே."

"முதல்ல அதையா சொன்னாரு?"

அவள் குனிந்து பார்த்தாள். விரலை வைத்துத் திரும்பப் பார்த்தாள். "ஆமாண்ணா. மகனேன்னுதான். எழுந்து நடக்கறதெல்லாம் அப்புறம்தான் வருது. ரொம்ப அப்புறம்."

அண்ணனின் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின. "அத்தனை பேரு கூடியிருக்காங்க. கூரை பிஞ்சு கிடக்கு. எல்லாரும் காலைத்தான் பார்த்திருப்பாங்க. இவர் மூஞ்சியைப் பார்த்திருக்காரு." குரல் உடைந்தது. "மகனேன்னு... பாரேன். பெத்தவங்க கூப்பிடற மாதிரி."

அண்ணியின் விசும்பல் அடுப்படியிலிருந்து கேட்டது. அவளும் அழுதாள். ஆனால் அது துக்கம் இல்லை. நெஞ்சு விம்மி வெடித்துவிடும் போலிருந்தது. தான் கூரை வழியாக எட்டிப் பார்த்த அதே வீட்டுக்குள் அண்ணன் வேறு வாசல் வழியாக நுழைந்து, நேராக அவர் முன்னால் போய் நின்றுவிட்டாரே!

"அண்ணா," என்று கண்ணைத் துடைத்தாள். "உனக்கு என்ன வேணும்?"

அண்ணன் யோசித்தார். காதை மூடிய முடியைத் தடவினார். "சலூனுக்குப் போகணும். வீட்டுக்கு வந்து வெட்டறவன் வெட்டறான், வாயே திறக்கறதில்லை. கடையில போய் உட்காரணும். நாலு ஊர்வம்பு கேட்கணும்."

"போலாம்! மாடிப்படி வேண்டாம், பால்கனி வழியா..."

"இரு. எக்ஸ்பிரஸ், பிரேக் போடு." அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொல்றபடிதான் இறக்கணும். இத்தனை வருஷம் கப்பல்லேருந்து எத்தனையோ இறக்கியிருக்கேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. வின்ச்சுல யாரு?"

"நான்தாங்க," என்றான் நெட்டை, டீ டம்ளரோடு எட்டிப் பார்த்து.

"என் கையை மட்டும் பாரு. என் தங்கச்சி கத்தினா காதுல வாங்காதே. மாப்பிள்ளை, நீங்க கீழே போய் நில்லுங்க, என்னைப் பிடிக்கறதுக்கு உங்க கைதான் சரி. பெல்ட்டைக் கொண்டாங்க, நானே பார்த்துக் கட்டிக்கிறேன்."

ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தார். அவளும் அண்ணியுமாக அண்ணனைத் தூக்கி, பால்கனிக்குள் இழுத்த தொங்கு இருக்கையில் அமர்த்தினார்கள். நெட்டை மொட்டை மாடிக்கு ஓடினான். கோட்டான் சக்கர நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். அண்ணன் வலது கையை உயர்த்தினார். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒரு தடவை சுழன்றன. வின்ச் முனகியது. அவர் பால்கனிக் கம்பியைத் தாண்டி அந்தரத்தில் மிதந்தார்.

அவள் 'மெதுவா, மெதுவா' என்று கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளங்கை கீழே திரும்பியது. இறங்கினார். இரண்டாவது மாடி அடுப்படி ஜன்னலில் அந்த வீட்டு அம்மா கையில் கரண்டியோடு உறைந்து நின்றாள்.

"எ... எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"சலூனுக்கு," என்றார் அண்ணன், பஸ்ஸில் போகிறவர் போல. "உங்க குழம்பு அடியில பிடிக்குது பாருங்க."

முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. எல்லா ஜன்னல்களிலும் தலைகள். இந்த முறை அண்ணன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது முஷ்டியை மடக்கினார். வின்ச் நின்றது. ஊசலாட்டம் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி விரலசைத்தார். கணவரின் கைகளுக்குள் பூப்போல வந்து இறங்கினார்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு கட்டடமே தட்டியது.

அவள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்தபோது, அண்ணன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கால்கள் அசையவில்லை. எதுவும் குணமாகவில்லை. ஆனால் அவளுக்கு ஓடிப்போய் அந்தத் தெருவையே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அல்லேலூயா, அண்ணா!"

"அதெல்லாம் அப்புறம். தள்ளு, கடையில கூட்டம் வந்துடும்."

சலூனில் அவர்கள் மத்தியானம்வரை இருந்தார்கள். முடி வெட்டக் கொஞ்ச நேரம்தான் ஆனது. மிச்ச நேரமெல்லாம் வம்பு. யார் வீடு விற்றார்கள், யாருடைய மகளுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது, யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாவற்றையும் அண்ணன் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது போலக் கேட்டார். முடிதிருத்துபவர் வாய் ஓயவேயில்லை. திரும்பும்போது அண்ணனுக்கு ஐந்து வயது குறைந்தது போலிருந்தது. ஏறும்போதும் அவரே சைகை காட்டினார்.

சாயங்காலம் வேலையாட்கள் சாமான்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கணவர் பேக்கரிக்குப் போனார். சனிக்கிழமைதோறும் வண்டி வரும் என்று முடிவாயிற்று. அவளும் செருப்பை மாட்டப் போனாள்.

"எங்கே ஓடறே?" என்றார் அண்ணன். "அந்தப் புஸ்தகத்துல வேற என்ன இருக்கு?"

"நிறைய இருக்குண்ணா! ஒரு காலைக்கு மூணு அதிகாரம்னு நான்..."

"மூணு எதுக்கு? ஒண்ணு எடு. அதுலயும் பாதி போதும்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அண்ணி விளக்கைப் போட்டுவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி தானும் வந்து உட்கார்ந்தாள். தங்கை பக்கங்களைப் புரட்டினாள். படகில் போகும்போது புயல் எழும்பிய பகுதி வந்தது. வாசிக்க ஆரம்பித்தாள். சாயங்காலமாகி அவர்கள் அக்கரைக்குப் புறப்பட்டார்கள் என்று வந்ததும் அண்ணன் கையை உயர்த்தினார்.

"இரு, இரு. அடுத்ததுக்குப் போகாதே. கிளம்பறப்போ காத்து எந்தப் பக்கம் அடிச்சிருக்கும்?"

அவளுக்குத் தெரியவில்லை. அண்ணிக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் அந்த வரியிலேயே நின்று, படகுத்துறையில் நிற்பவர்கள் போலக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.